வழியாமல் வழி விடுதல்

ஆத்தூர் சாலை சேகோ ஆலை ஒன்றில்
அரைக் கிலோ மரவள்ளி மாவு கேட்டேன்.
"அப்பளத்துக்குங்களா?" என்றார் கணக்கர்.
பேட்டரிக்கு என்றேன்.
சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

கருப்பூர் ஆய்வகத்தில்
மாவைக் கரைத்து, லித்தியம் உப்பு போட்டு,
நாலு சொட்டு கிளிசரின் விட்டுக் காய்ச்சினால்
கஞ்சி.
தட்டில் ஊற்றிக் காயவிட்டால்
வடகம் போடுகிற வேலைதான் இது.
வெயிலுக்குப் பதில் மின்னடுப்பு.
காக்கைக்குப் பதில் ஈரக்காற்று:
அது வாய் வைத்தால் இரண்டு நாள் உழைப்பு போச்சு.

உரித்தெடுக்கையில் மூச்சை அடக்குவேன்.
வெங்காயத்தின் உள்தோல் போல
விரல்நுனியில் ஒட்டி நிற்கும்.
சாய்த்தால் வழியாது,
குத்தினால் கசியாது,
இருந்தும் லித்தியத்துக்கு வழி விடவேண்டும்.
ஆறு வருடமாக இந்த ஒரு வாக்கியத்தில்
மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாந்தாராமுக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது.
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கொலுசுப் பார்சல் எடுப்பவர்,
என் வீட்டுக்குக் கீழ்த்தளம்.
போன சித்திரையில்
மாடிப்படிக்கு அடியில் சார்ஜில் போட்ட அவர் ஸ்கூட்டர்
இரவு இரண்டேகாலுக்கு எரிந்தது.
எரிவதற்கு முன் ஒரு வாசம் வந்தது என்பார்,
நெயில் பாலிஷ் மாதிரி, இனிப்பாக,
பூ என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாராம்.
உள்ளே இருந்த திரவம் அது, என்றேன்.
அதைத்தான் எடுத்துவிடப் பார்க்கிறோம்.

"திரவம் இல்லாம எப்படிம்மா ஓடும்?"

சூரமங்கலம் பஸ்ஸில் காலை எட்டரைக்குக்
கண்டக்டர் எப்படிப் போகிறார்?
யாரும் இடம் மாறுவதில்லை.
ஒருவர் தோளை ஒடுக்குவார்,
ஒருவர் பையை மார்போடு அணைப்பார்,
அந்த அசைவில் திறக்கும் ஒரு சாண் சந்தில்
அவர் அடுத்த கம்பிக்குத் தாவிவிடுவார்.
பாலிமர் சங்கிலியும் அப்படித்தான்.
நகராது. நெளியும்.
"டிக்கெட் வாங்காதவனும் உண்டே" என்றார்.
உண்டு. உப்பின் மறுபாதி.
அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

உருக்காலைத் தகட்டில் வெட்டிய
இரண்டு வட்டுகளுக்கு நடுவே
படலத்தை வைத்து அளக்கிறேன்.
திரையில் ஓர் அரைவட்டம், அப்புறம் ஒரு சாய்கோடு.
நல்ல நாளில் பத்தின் மைனஸ் ஐந்து.
ஏப்ரலில் ஏசி நின்றுபோய்
அறைக்குள் நாற்பத்தொன்று தொட்ட மதியம்
எண் தானாக ஏறியது.
ஊரே வைத வெயிலில் நான் மட்டும் சிரித்தேன்,
கீழ்வீட்டுச் சுவரின் கரி
நினைவுக்கு வரும்வரை.

மார்கழியில் ஏற்காட்டுக்கு எடுத்துப்போனேன்.
நாகலூரில் தோழி பெனடிக்டா வீடு.
அடிவாரத்தில் சிவப்பாக எரிந்த குட்டி விளக்கு
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் சோர்ந்தது.
பதினாலாம் வளைவில் குங்குமப் பொட்டு.
பதினெட்டில் அதுவும் இல்லை.
மேலே மிளகுக் கொடிகளில் பனி சொட்ட
என் செல்
நல்ல பிள்ளையாக, பத்திரமாக,
செத்துக் கிடந்தது.
"பாதுகாப்புன்னா இதானா?" என்றாள் பெனடிக்டா.
காபி குடித்தோம். வேறென்ன செய்வது.

திரும்பி வந்து சாந்தாராம் முன்னால்
அந்தச் செல்லைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினேன்.
இரண்டடி பின்வாங்கினார்.
பிறகு கிட்டே வந்து,
பால் திரிந்ததா என்று பார்ப்பதுபோல்
முகர்ந்தார். நெடுநேரம்.
"வாசமே இல்ல."

வெட்டிய பாதியை
அவர் உள்ளங்கைச் சூட்டில் மூடி வைக்கச் சொன்னேன்.
விரலிடுக்கில் சிவப்பு,
இருக்கிறதா இல்லையா என்கிற அளவு.
"இதுல வண்டி ஓடுமா?"
ஒரு கொசுவண்டி ஓடலாம்.
"எரியாதில்ல?"
மாவுதானே, அடுப்பில் போட்டால் கருகும்,
தூங்கும்போது தானாகப் பற்றாது.

கையைத் திறக்கவில்லை அவர்.
மேலே போய்
மறுநாள் தட்டுகளைக் கழுவினேன்.